பத்தாவது கல்

எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், உள்ளே ஒன்றுமே இல்லையே என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலில் பெரிய எழுத்தில் உயிர்க்காட்சிக் கூடம் என்று போட்டிருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால் ஒரு பெட்டியில் நாலு குச்சி, இன்னொன்றில் ஒரு கொய்யாக் கிளை, ஒரு தொட்டியில் கல்லும் மணலும். ஒருவர் என்னிடமே கேட்டார், “ஏம்மா, உள்ள இருக்கிறதெல்லாம் சாப்பிடப் போயிருக்கா?” என்று. நான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து, இது தலை, இது கால், இது இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று காட்டினேன். அதற்குப் பிறகு மனிதர் இரண்டடி தள்ளி நின்றே எல்லாவற்றையும் பார்த்தார்.

நீங்கள் அன்றைக்கு வந்தபோது அவசரத்தில் இருந்தீர்கள், சரியாகச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொய்யாக் கிளையில் இருப்பது இலைப்பூச்சி. இலையின் நரம்பு, ஓரத்தில் காய்ந்த பழுப்பு, புழு அரித்த ஓட்டை வரைக்கும் அதன் உடம்பிலேயே இருக்கும். காற்றாடியைப் போட்டால் இலையோடு சேர்ந்து ஆடும். தீனி குறைந்தால் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பூச்சியையே இலை என்று நினைத்துக் கடித்துவிடும். அதனால் விடிந்ததும் முதல் வேலையாகப் புதுக் கிளை வைத்துவிட வேண்டும். குச்சிப்பூச்சிக்கு ஆண் துணைகூடத் தேவையில்லை, தானாகவே முட்டையிடும், அந்த முட்டையும் பார்க்க விதை மாதிரி இருக்கும். கூட்டிப் பெருக்க வந்த ஒரு பெண் ஒருமுறை முந்நூறு முட்டையை முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த அறையை நானேதான் பெருக்குகிறேன். இருபத்திரண்டு வருடமாக எல்லாவற்றையும் நானேதான் செய்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை.

என் தம்பியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள், தெரியும். அங்கேதான் வருகிறேன்.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று வெளிநாட்டு வேலைக்குப் போனவர். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. நான் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தம்பியை வளர்த்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவன் இருந்ததால்தான் நான் காலையில் எழுந்தேன், சோறு வடித்தேன், வேலைக்குப் போனேன். அவன் இல்லாவிட்டால் எதற்கு எழுந்திருக்கப் போகிறேன்? யார் யாரை வளர்த்தது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

பள்ளி விட்டதும் அவன் நேராகக் கூடத்துக்கு வந்துவிடுவான். நான் தொட்டி கழுவும்போது அவன் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். எட்டு வயதிலேயே எந்தப் பெட்டியில் எத்தனை உயிர் என்று நின்ற இடத்திலிருந்து சொல்லிவிடுவான். எங்கள் முதலாளி வேண்டுமென்றே கிளையை மாற்றி வைத்துச் சோதிப்பார். “சார், இதுல ஒம்பது. ஒண்ணு தோல் உரிச்சிட்டு இருக்கு, அதைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்பான். அப்படி ஒரு கண். முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். நான் மட்டும் பாராட்ட மாட்டேன், கண் பட்டுவிடும் என்று.

கல்மீன் எங்களிடம் வந்தது அவனுக்குப் பன்னிரண்டு வயதில். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், ஆனால் பார்த்ததாக உங்களுக்குத் தெரியாது. சொரசொரப்பாக, மேலே பாசி பிடித்து, ஒரு கல் எப்படியோ அப்படியே. நாள் முழுக்க அசையாது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், சின்ன மீன் பக்கத்தில் வந்தால் வாயைத் திறந்து மூடும், அவ்வளவுதான். தம்பி அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தான். கல்யாண வீட்டுக்கு வந்து எதற்கும் எழுந்திருக்காத மாமனார்களை அவன் எங்கே பார்த்தானோ, பெயர் பொருந்திவிட்டது. முதலாளிகூட, “மாமனாருக்குத் தீனி போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்.

அதன் முதுகில் பதின்மூன்று முள். படுக்க வைத்தபடி இருக்கும், கை பட்டால் நிமிரும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு விஷம் இறங்கும். பார்வையாளர்களுக்குத் தினம் நாலு தடவை இதைச் சொல்வேன்.

என்னையே ஒருமுறை குத்தியிருக்கிறது. ஒரு முள், ஒரு விரல். அப்போது தம்பிக்குப் பதினான்கு வயது. வலியைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, விரலை வெட்டிப் போட்டுவிடலாம் என்று இருந்தது. முதலாளி வெளியூரில். நான் தரையில் உருண்டுகொண்டிருந்தேன். அவன்தான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்து, டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீர் காய வைத்து, தாங்குகிற சூட்டில் என் கையை அதற்குள் வைத்துப் பிடித்துக்கொண்டான். சூட்டில் அந்த விஷம் செத்துவிடும். தண்ணீர் ஆற ஆற மாற்றினான். ஒன்றரை மணி நேரம் என் கையை விடவே இல்லை. “அக்கா, நீ செத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதான். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஞாபகம் வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த விதியைக் கொண்டு வந்தேன். தொட்டியில் சரியாக ஒன்பது கல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கண்ணாடியில் என் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டினேன்: “கல் ஒன்பது. பத்தாவது கல், கல் அல்ல.” பார்வையாளர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், எண்ணத் தொடங்குவார்கள், பத்து வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். தொட்டி கழுவுவது இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் சாயங்காலம் ஒருவர் மாமனாரைக் கரண்டிவலையில் எடுத்து, பின்கட்டில் தரையில் இருக்கிற, மூடி போட்ட தாழ்வான நீலத் தொட்டியில் விடவேண்டும். மறுநாள் கழுவுகிறவர் நீலத் தொட்டியைத் திறந்து பார்க்கவேண்டும், பிறகு பெரிய தொட்டியில் கல்லை எண்ணவேண்டும். வாய்விட்டு எண்ணவேண்டும். ஒன்பது வந்தால் கையை விடலாம். பத்து வந்தால் விடக் கூடாது.

பதினாறு வயதில் அவன் ஒருமுறை எண்ணாமல் கையை விடப் போனான். “அதான் தெரியுதே, மாமனார் அந்த மூலையில இருக்கார்” என்றான். ஓங்கி ஒரு அறை விட்டேன். அவனை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். “கண்ணை நம்பாதே. எண்ணிக்கையை நம்பு” என்று சொன்னேன். அன்றிலிருந்து பதின்மூன்று வருடம் அவன் எண்ணாமல் கையை விட்டதில்லை.

நடுவில் ஒன்றிரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாளி சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அவர் சொன்ன விதத்தில் அது கேட்க நன்றாக இருந்திருக்காது. பதினைந்து வயதில் அவனுக்கு வேறு ஊரில், விடுதியோடு சேர்ந்த பள்ளியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நான் இலைப்பூச்சிப் பெட்டியின் அடித்தட்டுக்குக் கீழே வைத்தேன். தூக்கி எறியவில்லை, வைத்தேன். அங்கே எப்போதும் ஈரம், அது ஊறிப் போய்விட்டது. “எடம் கெடைக்கலைப்பா” என்று சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரியாகிவிட்டான். பதினைந்து வயதுப் பிள்ளை விடுதியில் தனியாக என்ன செய்யும்?

இன்னொன்று, தொட்டிக் கண்ணாடிக்குப் பசை போட வந்த பெண். நல்ல பெண்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். மூன்று நாள் வேலையை எட்டு நாள் செய்தாள், இவனும் எட்டு நாளும் கூடவே நின்று பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்து, எங்கள் பிள்ளைக்கு வலிப்பு உண்டு, பின்னால் தெரிந்து நீங்கள் வருத்தப்படக் கூடாது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. நாலு வயதில் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை வந்தது. ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கு அந்த அம்மாள் எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

போன வருடக் கடைசியில் ஒருவர் வந்தார். இலைப்பூச்சிப் பெட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்று, மூன்று கண்டுபிடித்துவிட்டேன் என்று குழந்தை மாதிரி சொன்னார். தம்பி பக்கத்தில் போய், “பதினொண்ணு இருக்கு சார்” என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். அவர் கடல் கடந்து ஏதோ ஒரு நாட்டில், எங்கள் கூடத்தைப் போல நூறு மடங்கு பெரிய ஒன்றை நடத்துகிறவராம். அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. இந்த முறை கடிதம் அவன் போனுக்கு வந்தது.

ஒன்றாம் தேதி வேலையில் சேரவேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அவன் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

“ஒரு வருஷம்தான்க்கா. அப்புறம் உன்னையும் கூப்பிட்டுக்கிறேன்” என்றான்.

“நான் வந்து என்னடா பண்ணப் போறேன்?”

“ஒண்ணும் பண்ணாதே. சும்மா உக்காரு. உன்னைச் சும்மா உக்காந்து நான் பார்த்ததே இல்ல.”

நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வருடம் என்பது போகிற எல்லோரும் சொல்கிற கணக்கு. அப்பா மூன்று மாதம் என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். நீங்கள் வேறு ஏதாவது பெரிதாக எதிர்பார்க்கலாம். சொத்து, பொறாமை, பழைய பகை என்று. அதெல்லாம் எங்களிடம் ஏது? அவன் ஒரு பெட்டி வாங்கி வந்து கட்டிலில் திறந்து வைத்தான். சக்கரம் வைத்த சாம்பல் நிறப் பெட்டி. தினம் ஒன்றிரண்டு துணியை மடித்து அதற்குள் வைப்பான். நான் அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டேன். சோறு இறங்கவில்லை. கூடத்தில் பார்வையாளர் ஏதாவது கேட்டால், கேள்வி முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் என் காதில் விழும். இலைப்பூச்சிக்குக் கிளை மாற்ற இரண்டு நாள் மறந்துபோனேன், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு பக்கமே இல்லை.

ஒன்றுமே செய்யாமல் நான் இதற்கு வந்துவிடவில்லை. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ஆள் நானில்லை. முதலில் தலை சுற்றுகிறது என்று விழுந்தேன். அவன் என்னை மருத்துவரிடம் கூட்டிப் போனான், இரத்தம் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவன் உடனே மாடி வீட்டு அம்மாளிடம் போய், தினம் இரண்டு வேளை அக்காவை எட்டிப் பாருங்கள் என்று சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு வந்தான். பிறகு முதலாளியிடம் போய், அவனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினேன். “அவன் போகட்டும்மா. இங்க இருந்து என்ன கண்டான்?” என்றார். கடைசியாக அவனிடமே கேட்டேன். தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“போகாதேடா” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அக்கா, எனக்கு இருபத்தொன்பது வயசு” என்றான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அவன் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு, தொட்டி கழுவுகிற செவ்வாய்க்கிழமை வந்தது. அது என்னுடைய முறை. “கடைசியா ஒரு தடவை நானே கழுவுறேன்க்கா, நீ மாமனாரை எடுத்து வெச்சிடு” என்றான். அவனாகத்தான் கேட்டான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் அவனைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், பார்வையாளர்கள் போன பிறகு, நான் மாமனாரை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கல்லை எடுத்தேன். அளவிலும் நிறத்திலும் மாமனாரோடு ஒத்துப்போகிற கல் ஒன்று உண்டு, வலது பக்கம் நாலாவதாக இருப்பது, எல்லாவற்றிலும் பெரியது. அதைக் கொண்டுபோய் நீலத் தொட்டியில் வைத்து, பாசியையும் மணலையும் கொஞ்சம் தூவினேன். மாமனார் எப்போதும் அப்படிக் கொஞ்சம் மணலைப் போர்த்திக்கொண்டுதான் இருக்கும். பெரிய தொட்டியில் கல் இருந்த இடத்தில் ஒரு குழி. காலையில் வந்து பார்த்தேன், மாமனார் தானாகவே நகர்ந்து அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நான் வைக்கவில்லை. அது நகர்ந்து நான் பார்த்ததே அபூர்வம். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது.

வெந்நீரும் தயாராக வைத்திருந்தேன். பெரிய பிளாஸ்கில், வெப்பமானி வைத்து அளந்து, நாற்பத்தைந்து டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. ஊற்றும்போது சரியாக வந்துவிடும். துண்டு, பேசின், எல்லாம். உங்கள் ஆள் ஒருவர் அந்தப் பிளாஸ்கை எடுத்துப் பார்த்துவிட்டு, டீயா என்று கேட்டார். கெட்ட எண்ணம் இருக்கிறவள் வெந்நீர் வைத்திருப்பாளா, நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு விரல், ஒரு முள். கை ஒரு மாதம் வீங்கியிருக்கும், விரல் மடங்காது. ஒன்றாம் தேதி போய்விடும். அந்த வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்கு அப்படித்தானே ஆனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அவன் எட்டு மணிக்கு வந்தான். முதலாளி ஒன்பதுக்குத்தான் வருவார். நான் இலைப்பூச்சி அறையில் கிளை வெட்டிக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு தட்டி மட்டும்தான். அவன் நீலத் தொட்டியின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. “என்ன மாமனாரே, நான் ஊருக்குப் போறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?” என்று அந்தக் கல்லிடம் கேட்டான். பிறகு மூடிவிட்டுப் பெரிய தொட்டிக்கு வந்தான். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான், அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் எடுத்து வைத்தது அக்கா. அக்கா எடுத்து வைத்ததை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

அவன் எண்ணினான். வாய்விட்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. “ஒண்ணு, ரெண்டு, மூணு.” கிளை வெட்டுகிற கத்திரி என் கையில் நின்றுவிட்டது. நாலு என்று சொன்னபோது எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். ஐந்து என்றபோதும் தடுத்திருக்கலாம். நேரம் இருந்தது. நான் அந்த நேரமெல்லாம் சாம்பல் நிறப் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினான். பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

விரல் இல்லை, உள்ளங்கை. பாசி தேய்க்க முதலில் பெரிய கல்லைத்தான் கிளப்புவான், அதற்கு உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தித்தான் பிடிக்கவேண்டும். அவன் அப்படித்தான் செய்வான் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பதின்மூன்று வருடமாகப் பார்க்கிறேன், தெரியாமல் என்ன. அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஏழு முள் என்று பிறகு மருத்துவர் எண்ணிச் சொன்னார்.

ஓடிப் போய் அவனைத் தரையில் உட்கார வைத்து, பேசினில் வெந்நீரை ஊற்றி, கையை அதற்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவன் கத்தினான், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டான், தலை என் தோளில் சாய்ந்தது. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. “ஒண்ணுமில்லடா, இப்ப சரியாயிடும், அக்கா இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மாதிரி அவன் என் மேல் சாய்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தேன்.

போன் என் இடுப்பில்தான் இருந்தது. நாற்பது நிமிடம் நான் யாரையும் கூப்பிடவில்லை. அது உண்மை. வெந்நீர் போதும் என்று நினைத்தேன். எனக்குப் போதுமானதாக இருந்ததே. யாராவது வந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. பத்து நிமிடத்துக்குள் மூச்சுக்கு ஏற்பாடு செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். மருத்துவர்கள் பின்னால் வந்து எதையும் சொல்வார்கள்.

அவன் பேச்சு நின்றதும், நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நீலத் தொட்டியிலிருந்த கல்லைக் கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் போட்டேன். மாமனாரை எடுத்து வைக்க மறந்துவிட்டேன், அவன் எண்ணிப் பார்க்காமல் கையை விட்டுவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி வந்து கத்துகிற வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து எண்ணினீர்கள், பத்து வந்தது, எழுதிக்கொண்டு போனீர்கள். என் மறதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நாளில் தம்பி ஊருக்குப் போகிறான், பாவம், அக்காவுக்குப் புத்தி எங்கே இருக்கும் என்றார்கள்.

அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முதலாளி அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார். பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் இங்கே ஓர் உயிர் போனது, எண்ணாமல் கை வைக்காதீர்கள் என்று. வருகிறவர்கள் நின்று படித்து உச்சுக் கொட்டுகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர், “எண்ணத் தெரியாதவனை எல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்” என்று பேரப்பிள்ளையிடம் சொன்னார். நான் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடல் கடந்த கூடத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. ஆழ்ந்த அனுதாபமாம். பாதுகாப்பு விதிகளை மீறாமல் இருந்திருந்தால் என்று ஒரு வரி அதில். என் தம்பி எதையும் மீறவில்லை. அவன் நீலத் தொட்டியைத் திறந்து பார்த்தான். வாய்விட்டு எண்ணினான். ஒன்பது வந்தது, ஒன்பதுதான் இருந்தது. விதியை எழுதினவள் நான், மாற்றினவளும் நான். அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்காகத்தான் நானாக நடந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன், யாரும் என்னைப் பிடித்துக் கூட்டி வரவில்லை.

அவன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று அன்றைக்கே கேட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தேன். சொன்னான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் திறந்தான். பேசினைப் பார்த்தான், பிளாஸ்கைப் பார்த்தான்.

“அக்கா, வெந்நி எதுக்கு முன்னாடியே போட்டு வெச்சே?” என்றான்.

அவன் தலையைத் திருப்பிப் பின்கட்டைப் பார்த்தான். பெரிய தொட்டிக்கு வந்த அவசரத்தில் நீலத் தொட்டியின் மூடியைச் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது, பாதி விலகி இருந்தது. அத்தனை வலியிலும், அத்தனை தூரத்திலிருந்தும், அவன் கண்ணைப் பாருங்கள். “அது கல்லு” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். பேசினிலிருந்து கையை இழுத்தான். நான் விடவில்லை, வெளியே எடுத்தால் விஷம் ஏறிவிடுமே. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு இழுக்கத் தெம்பில்லை.

“நீ என்னைத் தொடாதே” என்றான்.

அதுதான் கடைசி. நானும் இத்தனை நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் சூடு அதிகமாக இருந்திருக்கும், அதுதான் அப்படிச் சொன்னான்.